மிச்சம் 4.5: ஒரு செஸ்னா 172 இன்ஸ்பெக்‌ஷன் லிமிட்ட தாண்டினது எப்பிடி

நான் இருக்கிறது திருகோணமலை உவர்மலையில. பிளேன் சம்பந்தமான வேலை எண்டு சொன்னா ஊருக்குள்ள எல்லாரும் முதல் கேக்கிறது "சீனன்குடா எயார்ஃபோர்ஸ் காம்புக்குள்ளயா தம்பி?" எண்டுதான். இல்ல. அக்காட புருசன், அத்தான், டெக்ஸாஸ்ல சின்ன பிளேன்கள் திருத்திற ஒரு ஹேங்கர் வச்சிருக்கார், நான் இங்க வீட்டு முன் அறையில லப்டொப்ப வச்சுக்கொண்டு அவர்ட கஸ்டமர்மார்ட பிளேனுக்கு அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் எப்ப வருது எண்டு கணக்குப் பாத்து ஓனர்மாருக்கு நேரத்தோட சொல்லுறது. அவ்வளவுதான் என்ட வேலை. இந்த வேலைக்கு வந்து ஒரு பிளேனையும் கையால தொட்டதில்ல, தலைக்கு மேல சீனன்குடாவில இருந்து பயிற்சிக்கு எழும்புறதுகளப் பாக்கிறதோட சரி.

போன வருசம் நான் அனுப்பின ஒரு மெசேஜால, இல்லாட்டி நான் அனுப்பின விதத்தால, ஒரு செஸ்னா 172 லிமிட்ட தாண்டி 7.2 மணித்தியாலம் ஓடிச்சு, அதுவும் ஸ்டூடன்ட்ஸ ஏத்திக்கொண்டு. ஆருக்கும் ஒண்டும் நடக்கல்ல. ஆனா எங்க பிழைச்சது எண்டு தேடிப் பாக்க எனக்கு ரெண்டு கிழமை பிடிச்சது, கடைசியில நான் முதல் நினைச்ச இடத்தில பிழை இருக்கல்ல. அதான் முழுசா எழுதி வைக்கிறன், இதே மாதிரி ரிமைண்டர் வேலை செய்யிற ஆருக்காவது உதவும்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது எண்டு பாப்பம். நான் சொல்லுறது அமெரிக்க ரெஜிஸ்ட்ரேஷன் பிளேன்களுக்கு எஃப்ஏஏ எண்ட அந்த நாட்டு விமானத் திணைக்களம் போட்ட சட்டம், 4ஆர் எண்டு பதிவான எங்கட இலங்கை பிளேன்களுக்கு இங்கத்த சிவில் ஏவியேஷன் அதோரிட்டிட சட்டம் வேற, ரெண்டையும் போட்டுக் குழப்ப வேணாம். அங்க சொந்தப் பாவனைக்கு ஓடுற சின்ன பிளேனுக்கு வருசத்துக்கு ஒருக்கா ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷன். இதுல ஒரு சின்ன விசயம் இருக்கு, கணக்கு மாசத்துலதான், நாளுல இல்ல. மார்ச் 7ல கையெழுத்து வச்சா அடுத்த வருசம் மார்ச் 31 வரைக்கும் செல்லும். என்ட எக்செல்ல எனக்கு முதல் இருந்த ஆள் திகதியோட 365ஐக் கூட்டி வச்சிருந்தார், அதால மார்ச் 7ஆம் திகதியே சிவப்பு நிறம் அடிக்கும். பிழையான பக்கத்துக்குப் பிழைக்கல்ல, முந்தித்தானே சொல்லுது எண்டு நானும் விட்டிட்டன். இந்த "முந்திச் சொன்னா என்ன குறைஞ்சு போகுது" எண்ட நினைப்ப ஞாபகம் வச்சிருங்க, திரும்பி வருவன்.

அதுக்கு மேல 100 மணித்தியால இன்ஸ்பெக்‌ஷன். இது எல்லாருக்கும் இல்ல. காசுக்கு ஆளேத்தினா, இல்லாட்டி ஸ்கூல் தன்ட பிளேனக் குடுத்து காசு வாங்கிப் படிப்பிச்சா மட்டும்தான் இது கட்டாயம். ஆனுவல் செஞ்சா அது 100 மணித்தியாலத்துக்கும் சேத்தி, ஆனா 100 மணித்தியாலம் செஞ்சிட்டு அத ஆனுவல் எண்டு சொல்ல ஏலாது, ஆனுவலுக்கு ஐஏ எண்ட மேலதிக அதிகாரம் இருக்கிற மெக்கானிக் கையெழுத்து வைக்கோணும். பிறகு ராடாருக்குப் பதில் குடுக்கிற ட்ரான்ஸ்போண்டர், உயரம் காட்டுற அல்டிமீட்டர் செக் 24 மாசத்துக்கு ஒருக்கா, விழுந்தா சிக்னல் குடுக்கிற ஈஎல்டிக்கு 12 மாசம். இதுகள் எல்லாம் கலண்டர் பாத்து சொல்லுற விசயம், காலண்டருக்கு ஆரும் போன் எடுத்து "நீ இப்ப எத்தினையில நிக்கிறாய்" எண்டு கேக்கத் தேவையில்ல. கரைச்சல் மணித்தியாலத்துலதான். பிளேன் எத்தின மணித்தியாலம் ஓடியிருக்கு எண்டு பிளேனுக்குத்தான் தெரியும், உவர்மலையில இருக்கிற எனக்கு ஓனர் சொன்னாத்தான் தெரியும்.

இனி கதைக்கு வருவம்.

ஓனர் ஒரு டொக்டர், எங்கட ஆள்தான், திருகோணமலையில பிறந்து வளந்து கனகாலத்துக்கு முதல் போனவர். அந்த செஸ்னா 172ஐ ஞாயிற்றுக்கிழமையில எடுத்து ஓடிக்கொண்டிருந்தவர், மாசத்துக்கு நாலஞ்சு மணித்தியாலம். மார்ச் 7 ஆனுவல் முடிஞ்சது, எஞ்சின் ஓடின மணித்தியாலம் எண்ணுற டக் மீட்டர்ல 3412.6. ஏப்ரல் முடிவில அவரே சொன்ன கணக்கு 3421.4. இந்த வேகத்துல போனா 100 மணித்தியாலம் ஆக ரெண்டு வருசம் கிட்ட எடுக்கும், அதுக்குள்ள அடுத்த ஆனுவல் வந்திரும். அதால என்ட ஷீட்ல இந்த பிளேனுக்கு மணித்தியாலக் கொலமே வெறுமையா இருந்திச்சு.

மே மாசம் டொக்டர் பிளேன ஒரு ஃப்ளையிங் ஸ்கூலுக்கு லீஸுக்குக் குடுத்தார். ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் ஏறிப் போச்சு, சும்மா நிக்கிறத விட ஓடினா நல்லம்தானே. அத்தானுக்கு போன்ல சொல்லியிருக்கார், அத்தான் எனக்கு ஒரு கிழமை கழிச்சு வேற எதையோ கதைக்கேக்க இடையில சொன்னார். அந்த ஒரு சொல்லால பிளேன்ட நிலமையே மாறிட்டு. நேற்று வரைக்கும் ஆனுவல் மட்டும் போதும், இண்டைக்கு 100 மணித்தியாலம் கட்டாயம். அதோட இன்னொரு விசயம், செஸ்னாட சீட் ரெயிலுக்கு ஒரு ஏடி, அதாவது எஃப்ஏஏ போட்ட கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு, இருக்கு, 2011-10-09 எண்ட நம்பர், பைலட் சீட் முன்னுக்குப் பின்னுக்கு ஓடுற தண்டவாளத்த 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கா அல்லது 12 மாசத்துக்கு ஒருக்கா, எது முதல் வருதோ அப்ப பாக்கோணும். டொக்டர் ஓடின காலத்துல 12 மாசம் முதல் வரும், ஆனுவலோட சேந்து முடிஞ்சிரும், ஆரும் தனிய நினைக்கிறதில்ல. ஸ்கூல் ஓடத் தொடங்கினா மணித்தியாலம் முதல் வரும். பிளேன் அதேதான், சீட்டும் அதேதான், இருக்கிற ஆள் மாறினதால எந்தக் கணக்கு முந்துது எண்டது மாறிட்டு.

சரி, கொலத்துல 3512.6 எண்டு போட்டன். ஸ்கூல் இடைக்கிடை டொக்டருக்கு பில் அனுப்பும், டொக்டர் அத எனக்கு வாட்ஸ்அப்ல தட்டி விடுவார், அதுல ஓடின மணித்தியாலம் இருக்கும், நான் கூட்டுவன். மே மாசம் 46. 3421.4ஓட 46, 3467.4. ஜூன் 18 மட்டும் இன்னும் 36. 3503.4. இன்னும் 9.2தான் இருக்கு எண்டு பாத்தவுடன டொக்டருக்கு மெசேஜ் போட்டன், "டொக்டர், 100 மணித்தியால இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் 9 மணித்தியாலம்தான் இருக்கு, ஸ்லொட் ஒண்டு புக் பண்ணுவமா?" எண்டு. எனக்கு என்னைப் பத்தி நல்ல பெருமையா இருந்திச்சு அண்டைக்கு.

ஸ்கூல்ல இருந்த இன்ஸ்ட்ரக்டர் பிளேனுக்குள்ள ஏறி டக்க பாத்திருக்கார். 3490.2. இன்னும் 22.4 மணித்தியாலம் இருக்கு. டொக்டர் எனக்கு வொய்ஸ் மெசேஜ் ஒண்டு போட்டார், சிரிச்சுக்கொண்டு, "தம்பி, உங்கட கணக்கு கொஞ்சம் கூடிட்டுது போல, பரவாயில்ல" எண்டு. நான் என்ன செஞ்சன்? ஸ்கூல்காரன் பாத்தது பிழையா இருக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன். இது என்ட முதல் பிழை எண்டு அப்ப தெரியல்ல.

ஜூன் 24, இன்னும் 10 மணித்தியாலம் வந்திச்சு. 3513.4. லிமிட் தாண்டிட்டு! எனக்கு இருதயம் வாயால வந்திட்டு, டெக்ஸாஸ்ல விடியக்காலமை நாலு மணி எண்டு பாக்காம டொக்டருக்கு போன் எடுத்து "பிளேன எடுக்க வேணாம்" எண்டு சொன்னன். அவர் படுக்கையில இருந்து ஸ்கூலுக்கு மெசேஜ் போட்டு அண்டைக்குக் காலமை லெசனக் கேன்சல் பண்ணி, ஒரு ஸ்டூடன்ட் வந்து சும்மா திரும்பிப் போய், பிறகு இன்ஸ்ட்ரக்டர் ஏறிப் பாத்தா டக் 3498.6. பதினாலு மணித்தியாலம் மிச்சம் கிடக்கு.

அண்டைக்குப் பின்னேரம் அத்தான் வீடியோ கோல்ல வந்து ஒரு பிளேன்ட டேஷ்போர்ட்ட காட்டினார். ரெண்டு மீட்டர். வலப்பக்கம் கீழ சின்னப் பெட்டி மாதிரி இருக்கிறது ஹொப்ஸ். அது மணிக்கூடுதான், எஞ்சின் ஓடத் தொடங்கினா ஓடும், நிண்டா நிக்கும், ரன்வேக்கு முன்னால பத்து நிமிசம் வரிசையில நிண்டாலும் பத்து நிமிசம் கூட்டும். ஸ்கூல் பில் போடுறது இதுலதான், பெடியன் இருந்த நேரத்துக்குக் காசு. டக் எண்டது ஆர்பிஎம் மீட்டருக்குள்ள இருக்கிற நம்பர், எஞ்சின் குரூஸ் வேகத்துல, அதாவது மேல சீரா பறக்கிற வேகத்துல, சுத்தினாத்தான் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு மணித்தியாலம் ஏறும், மெதுவா சுத்தினா மெதுவா ஏறும். டக்கும் ஹொப்ஸும் ஒரே பிளேன்ல 10 முதல் 20 வீதம் வரைக்கும் வித்தியாசப்படும். பயிற்சி பிளேன்ல கூடவே வித்தியாசப்படும், ஏனெண்டா டாக்ஸி ஓடுறது, நிண்டு கொண்டு விளங்கப்படுத்திறது எல்லாம் கூட. நான் அடித்தளத்த டக்ல வச்சுக்கொண்டு அதுக்கு மேல ஹொப்ஸ கூட்டிக்கொண்டிருந்திருக்கிறன். ரூபாயோட டொலரக் கூட்டின மாதிரி. 92 ஹொப்ஸ் மணித்தியாலத்துல எனக்கு 14.8 கூடியிருந்திச்சு.

அத்தான் ஏசல்ல. "இனி பில்ல பாக்காத, டக் போட்டோ கேள்" எண்டு மட்டும் சொன்னார். நான் அண்டைக்கே ஸ்கூலுக்கு எழுதி, ஒவ்வொரு கிழமையும் டக் போட்டோ அனுப்பச் சொல்லி, ஷீட்ட சரியாக்கி 3498.6 எண்டு போட்டு, 365ஐயும் சேத்துத் திருத்தி, எல்லாம் சரி எண்டு நினைச்சு அண்டு ராவு உப்புவெளி பீச்சுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டன். உண்மையா. கணக்கு சரியாகிட்டுது எண்டா வேலை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்.

ஜூன் 30 போட்டோ வந்திச்சு, 3508.1. மெசேஜ் போட்டன். எழுத்துக்கு எழுத்து இதுதான்: "டொக்டர், 100 மணித்தியால இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் 4.5 மணித்தியாலம் இருக்கு. தயவு செஞ்சு புக் பண்ணுங்க." இங்க ராவு எட்டு மணிக்கு அனுப்பினா அங்க காலமை ஒன்பதரை, அவர் கோப்பி குடிக்கிற நேரம், நல்ல நேரம் பாத்துத்தான் அனுப்பினன். கணக்கு சரி, திகதி சரி, நேரமும் சரி.

டொக்டர் அத ஸ்கூலுக்கு தட்டி விட்டார். விடேக்க கூட ஒரு வரி போட்டார், இவங்க எப்பவும் ஒரு பதினைஞ்சு கூட்டித்தான் சொல்லுறவங்க எண்ட அர்த்தத்துல. அவர்ட பக்கத்துல இருந்து பாருங்க. முதல் தரம் நான் 9 எண்டன், இருந்தது 22. ரெண்டாம் தரம் தாண்டிட்டு எண்டன், இருந்தது 14. இப்ப 4.5 எண்டுறன். ரெண்டு தரம் அடிபட்ட ஆருக்கும் மனசு என்ன சொல்லும்? ஒரு பத்தொன்பது இருக்கும் எண்டு சொல்லும். ஸ்கூல் கவுண்டர்ல இருந்தது புதுப் பிள்ளை, ஜூன் 24 சண்டைக்கு அவள் இருக்கல்ல, அவள் பாக்கிறது ஹொப்ஸ் மட்டும்தான், பில்லுக்கு. ஜூலை 4 அங்க லீவு, நல்ல வெதர், பிளேன் நிக்கவே இல்ல.

ஜூலை 6 போட்டோ: 3519.8.

நான் அத மூண்டு தரம் பெரிசாக்கிப் பாத்தன். கடைசி இலக்கம் பாதி உருண்டு நிக்கும், 8ஆ 9ஆ எண்டு சந்தேகம் வரும், ஆனா 3519ல சந்தேகம் இல்ல. லிமிட் 3512.6. ஏழு புள்ளி ரெண்டு.

சட்டத்துல 10 மணித்தியாலம் சலுகை இருக்கே எண்டு கேப்பீங்க. இருக்கு. ஆனா அது இன்ஸ்பெக்‌ஷன் செய்யிற இடத்துக்குப் பறந்து போற வழியில தாண்டினா மட்டும். அந்தச் சலுகையில தாண்டின மணித்தியாலமும் அடுத்த 100ல இருந்து கழிபடும், அதாவது சும்மா கிடைக்கிற பத்து இல்ல. ஸ்டூடன்ட்ட வச்சு லேண்டிங் பழக்கினது எந்த விதத்துலயும் அதுக்குள்ள வராது. இந்தக் கழிக்கிற கணக்குல ஒரு பிழைய எங்கட பழைய ஷீட்லயும் கண்டன், ஒரு பிளேன் 6 மணித்தியாலம் பிந்தி வந்ததுக்கு, செஞ்ச இடத்துல இருந்து 100 கூட்டியிருந்தாங்க. கூட்ட வேண்டியது செஞ்ச இடத்துல இருந்து இல்ல, செஞ்சிருக்க வேண்டிய இடத்துல இருந்து.

அத்தான் செஞ்சது கெதியா சொல்லிறன். பிளேன அங்கயே நிப்பாட்டினார், தானே ஆளக் கூட்டிக்கொண்டு ஸ்கூல் ஹேங்கருக்குப் போய் இன்ஸ்பெக்‌ஷன் செஞ்சார், லொக்புக்ல 3519.8 எண்டு உண்மையா எழுதினார், அடுத்த லிமிட் 3612.6 எண்டு போட்டார். இன்ஸ்ட்ரக்டரையும் டொக்டரையும் நாசா நடத்துற ஏஎஸ்ஆர்எஸ் எண்ட விமானப் பாதுகாப்பு முறைப்பாட்டு அமைப்புக்கு ரிப்போர்ட் போடச் சொன்னார். அது 1976ல இருந்து இருக்கிற ஒழுங்கு, தெரியாம விட்ட பிழைய நாமளே 10 நாளுக்குள்ள எழுதி அனுப்பினா தண்டனையில இருந்து பாதுகாப்பு கிடைக்க வழி இருக்கு, அதோட மற்றவங்களும் அதப் பாத்துப் படிக்கலாம். ஆர் பொறுப்பு எண்ட கேள்விக்கு சட்டத்துல குழப்பமே இல்ல, பிளேன ஓடத் தகுந்த நிலையில வச்சிருக்கிற முதல் பொறுப்பு ஓனர் அல்லது ஓடுற நிறுவனத்தோட. நாங்க அனுப்புற ரிமைண்டர் உபகாரம்தான். அத்தான் இத எனக்கு ஆறுதலா சொன்னார். எனக்கு ஆறுதலா இருக்கல்ல. உபகாரம் எண்டாலும், மனுசர் அதுல சாஞ்சுதான் நிக்கிறாங்க.

இன்ஸ்பெக்‌ஷன்ல கண்டது: முன் சில்லு டயர் தேய்வு, பிரேக் பேட் ரெண்டு, இதெல்லாம் ஸ்டூடன்ட் பிளேன்ல வாறதுதான். ஆனா சீட் ரெயில். அத்தான் வீடியோவில டோர்ச்ச பிடிச்சு காட்டினார். ரெயில்ல வரிசையா ஓட்டை இருக்கும், சீட்டுக்குக் கீழ ஒரு பின் இறங்கி ஓட்டைக்குள்ள பூட்டும், ஸ்டூடன்ட் ஆள் மாறி மாறி சீட்ட முன்னுக்கு இழுத்து இழுத்து, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல பூட்டுறதால அந்த மூண்டு நாலு ஓட்டை மட்டும் வட்டமா இல்லாம முட்டை மாதிரி நீண்டு போயிருந்திச்சு. நகத்த வச்சு விளிம்ப தடவிக் காட்டினார், ஒரு பக்கம் கூரா நிண்டது. ரெயில மாத்தினார். ஏன் இதுக்கெண்டு தனி ஏடி எண்டு கேட்டன். எழும்பேக்க மூக்கு மேல தூக்கும், பின் வழுக்கினா சீட்டு பைலட்டோட பின்னுக்குப் போகும், பிடிக்க வேற ஒண்டும் இல்லாததால அவன் ஸ்டியரிங்கத்தான் பிடிச்சு இழுப்பான், மூக்கு இன்னும் தூக்கி பிளேன் ஸ்டோல் ஆகும், அதாவது செட்டைக்குத் தூக்குற பலம் போய் கீழ விழும். அப்பிடிப் போன உயிர்கள் இருக்கு எண்டார். நான் அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல.

டொக்டருக்கு போன் எடுத்தன். ஏசுவார் எண்டு நினைச்சன். அவர் அமைதியா கேட்டார், "நீர் அனுப்பின கணக்கு சரிதான் தம்பி, நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அது சரி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்விதான் ரெண்டு கிழமை மண்டைக்குள்ள கிடந்தது. நான் ஜூன் 24ல கணக்குப் போடுற முறைய மாத்தினன். ஆனா மெசேஜ் அதே மெசேஜ், அதே வசனம், அதே "இன்னும் இத்தின மணித்தியாலம் இருக்கு". உள்ளுக்குள்ள நம்பர் ஹொப்ஸ்ல இருந்து டக்குக்கு மாறினது அவருக்கு எங்க தெரியும்? என்ட பக்கத்துல பிழையத் திருத்திட்டன், அவர் பக்கத்துல பிழைக்குப் பழகியிருந்த மனச திருத்தல்ல. ஒரு கடையில தராசு ஒரு கிலோக்கு நூறு கிராம் கூட காட்டுது எண்டு தெரிஞ்சா சனம் தாங்களே கழிச்சுக்கொள்ளும், கடைக்காரன் ஒருக்கா ஆருக்கும் சொல்லாம தராச சரியாக்கினா அண்டைக்குத்தான் எல்லாருக்கும் கணக்கு பிழைக்கும். முந்திச் சொன்னா என்ன குறைஞ்சு போகுது எண்டு கேட்டனே, இதுதான் குறைஞ்சு போகுது.

அத்தானுக்கு இதச் சொன்னன். அவர் "சரி, ஆனா அது மட்டும் இல்ல, இன்னும் என்னவோ இருக்கு" எண்டார், என்ன எண்டு அவருக்கும் சொல்லத் தெரியல்ல.

அது பிடிபட்டது கராஜ்ல. என்ட ஸ்கூட்டிக்கு ஒயில் மாத்த பாலையூற்றுப் பக்கம் ஒரு சின்ன கராஜுக்குப் போனன். வேலை முடிய பெடியன் ஒரு சின்ன அட்டையில மார்க்கரால எழுதி ஹேண்டில்ல கட்டி விட்டான்: 27,400. அவ்வளவுதான். நீங்களும் எத்தின தரம் கண்டிருப்பீங்க, காருக்கு எண்டா கண்ணாடியில ஒட்டுவாங்க. அவன் "இன்னும் 2000 கிலோமீட்டர் இருக்கு" எண்டு எழுதல்ல. எழுதியிருந்தா நான் கராஜ் வாசல் தாண்டினவுடனயே அது பொய். 27,400 எண்டு எழுதினா நான் மட்டக்களப்புக்குப் போய் வந்தாலும் அது 27,400தான். மீட்டரும் அட்டையும் ஒரே இடத்துல பக்கத்துல பக்கத்துல, ஆரும் கணக்குப் பாக்கத் தேவையில்ல, பின்னால இருக்கிற தம்பி கூட வாசிச்சு "அண்ணா வந்திட்டுது" எண்டு சொல்லலாம்.

நான் ஓனர்மாருக்கு அனுப்பினது எல்லாமே மிச்சம். மிச்சம் எண்டது நான் எழுதின நிமிசத்துல மட்டும் உண்மை. அது போய்ச் சேர முதல் பிளேன் எழும்பிட்டா பிழை. ரெண்டு பேருக்கு கை மாறிப் போனா எந்தத் திகதியில மிச்சம் எண்டே ஆருக்கும் தெரியாது. 3512.6 எண்டு நான் ஒருக்கா எழுதியிருந்தா, அந்தப் புதுப் பிள்ளை ஹொப்ஸ்ல 5 ஆயிரத்துச் சொச்சம் நிக்கிறதப் பாத்தே இது வேற மீட்டர் எண்டு விளங்கி ஆரையாவது கேட்டிருப்பாள். மிச்சம் 4.5 எண்டா எந்த மீட்டருக்கும் பொருந்தும், அதான் அதுல இருக்கிற ஆபத்து.

அதுக்குப் பிறகு மெசேஜ் இப்பிடி மாறிட்டு. டொக்டருக்கு போன தரம் அனுப்பினது:

"டொக்டர், டக் 3612.6க்கு மேல ஓடக்கூடாது. 100 மணித்தியாலமும் சீட் ரெயில் ஏடியும் ரெண்டும் இதே நம்பர்தான். கடைசியா போட்டோவில கண்டது 3588.2, 14ஆம் திகதி. இது ஹொப்ஸ் இல்ல, ஆர்பிஎம் மீட்டருக்குள்ள இருக்கிற நம்பர். அத்தானுக்கு வாற கிழமை செவ்வாயும் வியாழனும் இடம் இருக்கு, எது வசதி?"

முதல் வரியில லிமிட். பிறகு நான் எத வச்சு சொல்லுறன், எந்த நாள் பாத்தது. கடைசியில ஒரு கேள்வி, பதில் போட வேண்டிய கேள்வி. "புக் பண்ணுங்க" எண்டா மனுசர் பிறகு பாப்பம் எண்டு வைப்பாங்க, செவ்வாயா வியாழனா எண்டா ஏதாவது ஒண்டு சொல்லுவாங்க, நாலு பேருல மூண்டு பேராவது சொல்லுவாங்க எண்டு எழுத ஆசைதான், ஆனா நான் எண்ணிப் பாக்கல்ல. அதோட அத்தான் ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷன் முடியவும் லேபல் பிரிண்டரால நம்பர அடிச்சு மீட்டர் மறைக்காத மாதிரி பக்கத்துல ஒட்டி விடுறார். போட்டோ எடுத்தா டக்கும் லேபலும் ஒரே படத்துல வரும். படம் அனுப்புற ஆளே பாத்திருவான்.

கணக்குப் போடுற முறைய எப்ப மாத்தினாலும் இப்ப அத ஓனருக்குத் தனி மெசேஜா சொல்லுறன், வெக்கத்த விட்டு. "இவ்வளவு நாளும் நான் சொன்ன கணக்கு கூட, இந்தக் காரணத்தால, இண்டைல இருந்து சரி, இனிக் கழிச்சுப் பாக்க வேணாம்." முதல் மூண்டு பேருக்கு இத எழுதேக்க கை கூசிச்சு. ஒருத்தர் "அப்ப போன வருசம் நான் முந்திக் கட்டின காசு?" எண்டு கேட்டார், நியாயமான கேள்விதான், அத அத்தானுக்குத் தள்ளி விட்டிட்டன்.

இன்னும் ஒண்டு மாத்தினன், கொஞ்சம் தயக்கத்தோட. முந்தி ஈஎல்டிக்கு ஒரு மெசேஜ், ட்ரான்ஸ்போண்டருக்கு ஒரு மெசேஜ், ஒயிலுக்கு ஒண்டு எண்டு தனித்தனியா போகும், ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துல ஆறு ஏழு. சனம் வாசிக்காம விடப் பழகிட்டு. இப்ப கலண்டர் விசயம் எல்லாம் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரே மெசேஜ், ஆனுவலோட சேத்துச் செய்யக்கூடியது எது எண்டு பிரிச்சு. மணித்தியால விசயம் மட்டும் தனிய. தயக்கம் ஏனெண்டா, ஒண்டாப் போட்டா நீளம், நீளமானத வாசிக்க மாட்டாங்க. பாப்பம், இன்னும் ஒரு வருசம் ஓடட்டும்.

போட்டோ அனுப்பாத ஓனர்மார் இன்னும் இருக்காங்க. அவங்களுக்கு பழைய ஓட்டத்த வச்சு நான் ஊகிச்சுத்தான் சொல்லுறன், ஆனா இப்ப மெசேஜ்லயே "இது ஊகம், பிளேன்ல ஏறி டக்க பாருங்க, லிமிட் இந்த நம்பர்" எண்டு எழுதிறன். ஊகத்த உண்மை மாதிரி எழுதின காலம் போதும்.

டொக்டர்ட பிளேனுக்கு அடுத்த தரம் 3609.9ல படம் வந்திச்சு, லேபலோட. படத்துக்குக் கீழ ஸ்கூல் கவுண்டர் பிள்ளையே நேர எழுதியிருந்தாள், செவ்வாய் காலமை பிளேன அங்க கொண்டு வந்து விடுவம் எண்டு. நான் டொக்டருக்குச் சொல்ல முதல் அவளே சொல்லிட்டாள்.

இன்னொரு ஓனர் இருக்கார், வயசான மனுசன், எல்லாத்துக்கும் கெதியா பதில் போடுவார், ஒவ்வொரு கிழமையும் தவறாம படம் அனுப்புவார், நல்ல வெளிச்சத்துல, ஆடாம, துலாம்பரமா. அஞ்சு தரம் விளங்கப்படுத்திட்டன். நேற்றும் அனுப்பியிருக்கிறார். ஹொப்ஸ்தான்.